ஊறுவது எங்கே, வடிவது எங்கே?

முதுகுத்தண்டில் நீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. நோயாளி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, முதுகை வில்லாக வளைத்துக்கொள்கிறார். இடுப்புப் பகுதியில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி இறங்குகிறது. உள்கம்பியை உருவியதும் ஊசியின் வாயில் ஒரு துளி திரண்டு, சற்றே தயங்கி, கண்ணாடிக் குழாய்க்குள் விழுகிறது. பார்வைக்கு அது வெறும் குடிநீர். 100 மி.லி. இரத்தப் பிளாஸ்மாவில் 7,000 மில்லிகிராம் அளவுக்குப் புரதம் இருக்க, இதே அளவு மூளைத்தண்டுவடத் திரவத்தில் இருப்பது 15 முதல் 45 மில்லிகிராம்தான். சர்க்கரை, இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

மருத்துவர்கள் சி.எஸ்.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் இந்தத் திரவம், வளர்ந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் சுமார் 150 மி.லி. இருக்கும், ஒரு காபி டம்ளர் அளவு. நாளொன்றுக்கு ஊறுவதோ ஏறத்தாழ அரை லிட்டர். அதாவது பழையது முழுவதும் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வடிந்து, புதிது நிறைகிறது. இதில் மிதப்பதால்தான் 1,400 கிராம் மூளை தன் அடித்தளத்தின் மேல் சுமார் 50 கிராம் எடையாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறது.

எங்கே ஊறுகிறது, எங்கே வடிகிறது? பாடநூலில் இதற்கு ஒரு படம் உண்டு. மூளையின் உள்ளறைகளில் தொங்கும் கோராய்டு பின்னலில் தொடங்கும் அம்புக்குறி, அறை அறையாக இறங்கி, நான்காம் அறையின் துளைகள் வழியே மூளைக்கு வெளியே வந்து, உச்சந்தலைக்கு ஏறி, அரக்னாய்டு உறையின் சிறு மொட்டுகள் வழியே சிரைக்குள் கலந்து முடிகிறது. தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அந்த அம்புக்குறிகள் ஒவ்வொன்றும் எந்தச் சோதனையிலிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால், ஒரு சங்கதி திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: திரவம் போகும் வழி என்று ஒவ்வொரு தலைமுறையும் கண்டதில், அது பயன்படுத்திய சாயமும் ஊசியும் மயக்கமருந்தும் கலந்தே இருந்தன.

தலையை வெட்டியதால் தெரியாமல் போனது

கேலன் காலம் முதல் பல நூற்றாண்டுகளுக்கு மூளையின் அறைகளில் இருப்பது ஒருவித உயிர்க்காற்று என்றே மேற்கத்திய மருத்துவம் நம்பியது. அறைகளில் ஈரம் தென்பட்டாலும், அது மரணத்துக்குப் பின் ஆவி குளிர்ந்து நீரானது என்று விளக்கம் சொல்லிவிடலாம்.

இந்த நம்பிக்கை நீடித்ததற்கு ஓர் எளிய காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் நேப்பிள்ஸ் நகரின் டொமெனிகோ கொட்டுன்யோ. உடற்கூறு அறிஞர்கள் மூளையைப் பார்க்க முதலில் தலையை வெட்டிப் பிரிப்பது வழக்கம். வெட்டிய கணமே நீர் முழுக்க வழிந்துவிடும், பிறகு அங்கே வெற்றிடம்தான் இருக்கும். கொட்டுன்யோ தலையை வெட்டாமல், பிணத்தின் இடுப்பு முதுகெலும்பைத் திறந்து பார்த்தார்; நீர் பெருகியது. இடுப்பு நரம்பு வலியைப் பற்றி 1764-இல் அவர் எழுதிய சிறு நூலில் இச்செய்தி ஏறக்குறைய ஓரமாக வருகிறது.

அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் ஃபிரான்சுவா மஜாந்தி உயிருள்ள விலங்குகளிலும் இந்நீர் இருப்பதைக் காட்டி, அதற்கு இன்றைய பெயரை வழங்கினார். நான்காம் அறையின் நடுத்துளை அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், துளையைச் சரியாகக் கண்ட அவர் நீரோட்டத்தின் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். மூளையைப் போர்த்திய பயா மேட்டர் உறையில் சுரந்து, துளை வழியே உள்ளே போகிறது என்பது அவர் கணிப்பு. 1850-களில் ஃபேவ்ரும் லுஷ்காவும் கோராய்டு பின்னலைச் சுரப்பிடமாக முன்வைத்த பிறகு அம்புக்குறி திரும்பியது.

ஊற்றுக்கண்: ஒரு நாயின் சாட்சியம்

கோராய்டு பின்னல், நுண்குழல்கள் நிறைந்த, நீரில் அலையும் பாசி போன்ற ஒரு திசு. அது சுரக்கிறது என்ற கருத்துக்கு நீண்ட காலம் தூணாக நின்றது வால்டர் டாண்டி 1919-இல் வெளியிட்ட சோதனை. இரு பக்க அறைகளிலிருந்தும் நீர் வெளியேறும் துளைகளை ஒரு நாயில் அவர் அடைத்தார். ஒரு பக்கத்துப் பின்னலை மட்டும் வெட்டியெடுத்தார். பின்னல் இருந்த அறை நீர் கோத்து உப்பியது, பின்னல் இல்லாத அறை சுருங்கிப்போனது. இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது ஒரே ஒரு நாய். பின்வந்தவர்களுக்கு அதே முடிவு அப்படியே கிடைக்கவில்லை. அதன் அடிப்படையில் நீர் கோத்த குழந்தைகளுக்குப் பின்னலை அகற்றும் அறுவையை டாண்டி செய்து பார்த்தார், பலன் ஏமாற்றமே.

டாண்டியின் ஆசானும் பின்னாளில் போட்டியாளருமான ஹார்வி குஷிங், அறுவை மேசையில் மனிதப் பின்னலின் மேற்பரப்பில் நீர் கசிவதைத் தன் கண்ணால் கண்டதாக எழுதினார். 1925-இல் எடின்பரோவில் ஆற்றிய உரையில் இரத்தம், நிணநீர் ஆகிய இரண்டுக்கும் அடுத்த ‘மூன்றாவது சுற்றோட்டம்’ என்று இதற்குப் பெயரிட்டார். அந்தச் சொல் ஆய்வைவிட வேகமாகப் பரவியது.

உறுதியான எண்கள் வந்தது 1960-களில். ஜான் பாப்பன்ஹைமர் குழுவினர் மயக்கமருந்து இல்லாத, விழித்திருக்கும் ஆடுகளின் மூளை அறைக்குள் ஒரு முனையில் இனுலின் கலந்த செயற்கைத் திரவத்தைச் செலுத்தி, மறுமுனையில் வாங்கினார்கள். இனுலின் மூலக்கூறு பெரியது. எளிதில் திசுக்களுக்குள் போகாது. ஆகவே அது எவ்வளவு நீர்த்துப்போய் வெளியே வருகிறதோ அவ்வளவு புது நீர் வழியில் ஊறிக் கலந்திருக்கிறது என்று கணக்கிடலாம். பால் எவ்வளவு நீர்த்தது என்பதைக் கொண்டு கலந்த தண்ணீரைக் கண்டுபிடிப்பது போலத்தான். இதே முறையை நோயுற்ற குழந்தைகளிடம் கையாண்ட கட்லர் குழு 1968-இல் நிமிடத்துக்கு 0.35 மி.லி. என்ற விடையைப் பெற்றது. அதை 1,440 நிமிடத்தால் பெருக்கினால் 504. பாடநூலின் ‘நாளொன்றுக்கு அரை லிட்டர்’ பெரும்பாலும் இத்தகைய கணக்குகளின் வாரிசு.

திரவத்தின் உப்புக் கணக்கும் பின்னலுக்கே சாதகம். சி.எஸ்.எஃப்.-இல் பொட்டாசியம் பிளாஸ்மாவைவிடக் குறைவு, மக்னீசியமும் குளோரைடும் அதிகம். வெறுமனே வடிகட்டிய இரத்தநீராக இருந்தால் இப்படி அமையாது. உயிரணுக்கள் ஆற்றல் செலவழித்து உப்பைத் தள்ள, நீர் பின்தொடர்கிறது என்றே கொள்ளவேண்டும். சோடியம்-பொட்டாசியம் பம்ப் உடலின் பெரும்பாலான மேலணுக்களில் இரத்தத்தை நோக்கிய பக்கம் இருக்கும். பின்னலின் அணுக்களிலோ அறையை நோக்கிய பக்கம் இருக்கிறது. அசெட்டசோலமைடு மாத்திரை சுரப்பைக் குறைப்பதும், பின்னலில் அரிதாக வரும் பாப்பிலோமா கட்டியை எடுத்ததும் மிகைச் சுரப்பு அடங்குவதும் இந்தக் கட்சிக்கு வலுச் சேர்க்கின்றன.

எதிர்க்கட்சி சொல்வதையும் தள்ள முடியாது. 1969 முதல் தாமஸ் மில்ஹொராட் குரங்குகளில் பக்க அறைகளின் பின்னல்களை அகற்றியபோது உற்பத்தி நின்றுவிடவில்லை. மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் குறைந்தது. எஞ்சிய நீரின் வேதிக் கூறும் மாறவில்லை. அப்படியானால் மூளைத் திசுவே நீரின் கணிசமான பங்கைத் தருகிறதா? 1950-களில் கனநீரைக் கொண்டு செய்த ஆய்வுகள், இரத்தத்திலிருந்து நீர் மூலக்கூறுகள் அறைகளுக்குள் மட்டுமன்றி எல்லாப் பரப்புகளிலும் உடனுக்குடன் நுழைவதை ஏற்கெனவே காட்டியிருந்தன.

இந்தக் கேள்வியைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஸாக்ரெப் நகரின் புலாத், கிளாரிச்சா, ஒரெஷ்கோவிச் ஆகியோர். பூனைகளின் மூன்றாம், நான்காம் அறைகளை இணைக்கும் குறுகிய கால்வாயில் குழாயைப் பொருத்தி, இயல்பான அழுத்தத்தில் காத்திருந்தார்கள். மணிக்கணக்கில் ஒன்றும் சொட்டவில்லை என்கிறார்கள். அவர்கள் முடிவு: ஊற்றும் இல்லை, வடிகாலும் இல்லை, நுண்குழல்கள் எங்கெங்கும் நீரைக் கொடுத்து வாங்குகின்றன, சுற்றோட்டம் என்பதே ஒரு கற்பனை. துணிச்சலான கருத்துதான். ஆயினும் கனநீர் காட்டுவது பரிமாற்றத்தை. நிகர ஓட்டம் அதிலிருந்து வேறு. சந்தையில் ஆயிரம் பேர் உள்ளே போய் ஆயிரம் பேர் வெளியே வந்தால் கூட்டம் கூடவில்லை. ஆயிரத்தொருவர் போனால் கூடும். அந்த ஒருவரைத்தான் இனுலின் எண்ணுகிறது. மேலும், அதே கால்வாய் அடைபட்டால் அதற்கு மேலுள்ள அறைகள் உப்புவதை அன்றாடம் ஸ்கேனில் பார்க்கிறோம். ஸாக்ரெப் குழுவினரிடம் அதற்கும் மறுவிளக்கம் உண்டு, ஆனால் அது சுற்றி வளைத்த விளக்கமாகவே எனக்குப் படுகிறது.

வடிகால்: கலிங்கும் கசிவும்

பிணங்களின் தண்டுவட உறைக்குள் நீலச் சாயமிட்ட ஜெலட்டினைச் செலுத்தி, ஸ்வீடனின் கீயும் ரெட்சியஸும் 1875-இல் வெளியிட்ட வண்ணப் படங்கள் இன்றும் கண்ணைப் பறிப்பவை. உச்சந்தலைச் சிரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அரக்னாய்டு மொட்டுகளில் நீலம் ஏறியிருந்தது. இந்த மொட்டுகளை 1705-இலேயே விவரித்த பாக்கியோனி அவற்றைச் சுரப்பிகள் என்று எண்ணியிருந்தார். இப்போது அவை வடிகாலாயின. ஆனால் செலுத்திய அழுத்தம் இயல்பைவிடப் பன்மடங்கு அதிகம், உடலோ உயிரற்றது. அடைத்துத் தள்ளினால் எங்காவது பிய்த்துக்கொண்டு போகத்தானே செய்யும் என்ற ஐயம் அன்றே எழுந்தது.

அந்த ஐயத்துக்கு 1914-இல் லூயிஸ் வீட் பொறுமையாகப் பதில் சொன்னார். உயிருள்ள விலங்குகளில், குறைந்த அழுத்தத்தில், நிறமற்ற இரண்டு உப்புக் கரைசல்களைச் செலுத்தி, பிறகு திசுவை அமிலத்தில் இட்டு, அவை போய்ச் சேர்ந்த இடத்திலேயே நீலமாகப் படியவைத்தார். மொட்டுகளில் நீலம் தெரிந்தது. நிணநீர்ப் பாதையிலும் சிறிது தெரிந்தது என்று அவரே பதிவு செய்தார். மேற்கோள் காட்டியவர்கள்தான் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். 1960-இல் வெல்ச்சும் ஃபிரீட்மனும் குரங்கின் மொட்டுகளை ஒருவழித் தடுக்கிதழ்கள் என்று விளக்கியதும், கட்லரின் கணக்கில் அழுத்தம் ஏற ஏற உறிஞ்சலும் சீராக ஏறியதும் சேர்ந்து, சித்திரம் முழுமைபெற்றதாகத் தோன்றியது. கட்லரின் அளவீட்டில் சுமார் 112 மி.மீ. நீரழுத்தத்தில் ஊறுவதும் வடிவதும் சமமாயின. நம் ஏரிகளின் கலிங்கைப் போல: மட்டம் உயர்ந்தால் தானாக வழியும், தாழ்ந்தால் நிற்கும்.

சித்திரத்தில் ஓட்டை போட்டவை குழந்தைகள். கருவிலும் பிறந்த தொடக்க மாதங்களிலும் கண்ணுக்குத் தெரியும் மொட்டுகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் திரவம் வடிந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே?

ஹெலன் ஸெர், பிராட்பரி ஆகியோரும், பின்னர் டொராண்டோவின் மைல்ஸ் ஜான்ஸ்டனும் காட்டிய விடை மூக்கு. முகர்வு நரம்புகள் மூக்கின் கூரையிலுள்ள சல்லடை எலும்பைத் துளைத்து இறங்கும்போது, அவற்றைச் சுற்றிய உறையோடு திரவமும் இறங்கி, மூக்குச் சவ்வின் நிணநீர் நாளங்களை அடைந்து, கழுத்து முடிச்சுகளுக்குப் போகிறது. செம்மறியாடுகளில் வெளியேறும் புரதத் தடயத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வழியே போவதாக அவர்கள் கணக்கிட்டார்கள். 2015-இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரு குழுக்கள் தனித்தனியே, எலியின் டியூரா உறையிலேயே நிணநீர் நாளங்கள் இருப்பதைக் காட்டின. ‘மூளையில் நிணநீர் இல்லை’ என்ற வரியைப் பாடநூல்கள் திருத்த நேர்ந்தது. இத்தாலியின் மஸ்காங்னி 1787-இலேயே அவற்றை வரைந்திருந்தார், நம்புவார் இல்லை.

எலியிலும் ஆட்டிலும் முகர்வு உறுப்பு பெரிது, மனிதனில் சிறிது. ஆகவே விகிதங்களை அப்படியே நமக்குப் பெயர்த்துவிட முடியாது.

மூளைக்குள் ஒரு கழுவுநீர்ப் பாதை?

2012-இல் மைக்கன் நெடர்கார்ட், ஜெஃப்ரி இலிஃப் குழுவினர் கேள்வியை உறைகளிலிருந்து மூளையின் சதைக்குள் கொண்டுபோனார்கள். தமனிகளைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே திரவம் உள்ளே நுழைந்து, ஆஸ்ட்ரோசைட் அணுக்களின் பாதங்களிலுள்ள அக்வாபோரின்-4 என்னும் நீர்வழிகளின் உதவியால் திசுவைக் கழுவி, கழிவுடன் சிரைகளின் ஓரமாக வெளியேறுகிறது என்றார்கள். ‘கிளிம்ஃபாட்டிக்’ என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த ஆண்டே வந்த கட்டுரை, தூங்கும் எலிகளில் அணுக்களின் இடைவெளி மூளையின் கன அளவில் ஏறத்தாழ 14 விழுக்காட்டிலிருந்து 23 ஆக விரிகிறது, அமிலாய்டு வேகமாகக் கழுவப்படுகிறது என்றது. தூக்கம் ஏன் என்ற பழைய புதிருக்கு விடை கிடைத்ததுபோல் உலகமே கொண்டாடியது.

வழி அவ்வளவு புதிதல்ல. 1980-களில் கிரேடியும் ரென்னல்ஸும் நொதித் தடயம் சில நிமிடங்களில் தமனி ஓரமாக மூளைக்குள் பாய்வதைக் காட்டியிருந்தார்கள். புதிது என்பது இயங்குமுறை, தகராறும் அதில்தான். சவுத்தாம்ப்டனின் வெல்லர், கராரே ஆகியோர் தமனிச் சுவரின் அடிச்சவ்வு வழியே திரவம் எதிர்த்திசையில், அதாவது வெளிநோக்கிப் போவதாகச் சொல்கிறார்கள். 2017-இல் ஆலன் வெர்க்மன் குழு அக்வாபோரின்-4 இல்லாத எலிகளிலும் தடயம் குறையாமல் பரவுவதாக அறிவித்தது. மறு ஆண்டே ஐந்து ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து, குறையத்தான் செய்கிறது என்று மறுத்தன. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபிராங்க்ஸ் குழு, தூக்கத்திலும் மயக்கத்திலும் கழுவல் கூடவில்லை, குறைகிறது என்றே எழுதியது.

ஒரே கேள்விக்கு நேரெதிர் விடைகள் வருவது எப்படி? ஒரு குழு தடயத்தைப் பின்மூளைக்கு அடியிலுள்ள நீர்த்தேக்கத்தில் இட்டு அது உள்ளே வருவதைப் பார்க்கிறது. மற்றது மூளையின் ஆழத்தில் நேரே செலுத்தி, அது எவ்வளவு விரைவாக மறைகிறது என்று பார்க்கிறது. நுழைவதும் வெளியேறுவதும் ஒரே அளவீடு அல்ல. ஊசி குத்தினாலே திசு சற்றுச் சிதையும்; மயக்கமருந்துக்கு மருந்து இடைவெளியின் அகலம் மாறும். மனிதரிடம் கிடைத்த சான்று இன்னும் மெலிது, எனினும் கவனிக்கத்தக்கது: ஆஸ்லோவில் ரிங்ஸ்டாட், எய்டெ ஆகியோர் முதுகுத்தண்டு நீரில் எம்.ஆர்.ஐ. தடயத்தைச் செலுத்தி, மணிக்கணக்கில் அது தமனி ஓரமாக மூளைக்குள் ஏறுவதையும், ஓர் இரவு தூங்காதவர்களிடம் அது வெளியேறத் தாமதமாவதையும் படமெடுத்தார்கள். ஏறுகிறது என்பது உறுதி. ஓட்டத்தால் ஏறுகிறதா, மெல்லப் பரவி ஏறுகிறதா என்பதில்தான் பிளவு.

நோய்கள் என்ன சொல்கின்றன

கோட்பாட்டைச் சோதிக்க நோய்களே உரைகல். மொட்டுகள்தாம் வடிகால் என்றால், சிரை குறுகும்போது மூளை அறைகள் உப்பவேண்டும். காரணம் தெரியாத உள்மண்டை உயரழுத்த நோயில் சிரைக் குறுக்கம் அடிக்கடி தென்படுகிறது, அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே வீங்குகிறது. அறைகளோ இயல்பாகவோ சிறிதாகவோ இருக்கின்றன. மறுபுறம், பொகோட்டாவின் சாலமோன் ஹக்கீம் 1965-இல் விவரித்த முதியோர் நோயில் அறைகள் பெருத்திருக்கும், அழுத்தம் இயல்பாக இருக்கும். கலிங்கு உவமை இந்த இரண்டையும் ஒருசேர விளக்கத் திணறுகிறது.

காசநோய் மூளைக்காய்ச்சலை நம் மருத்துவமனைகள் நன்கு அறியும். மூளையின் அடித்தளத்தில் பசைபோன்ற கசிவு படிந்து நீர்த்தடங்களை அடைக்க, அறைகளில் நீர் கோக்கிறது. கோத்த நீரை வடிக்கப் பொருத்தும் ஷன்ட் குழாய் யாருக்குப் பலன் தரும் என்று முன்கூட்டிச் சொல்ல, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட தரவரிசை இன்றும் ‘வேலூர் கிரேடிங்’ என்றே உலக இலக்கியத்தில் வழங்குகிறது. அது நோயாளியின் நினைவுநிலையையும் நரம்புக் குறைபாட்டையும் வைத்துத் தரம் பிரிக்கிறது; ஓட்டத்தின் பொறியியலை அல்ல. படுக்கையோரத்தில் நின்றவர்கள் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

டாண்டியின் கைவிடப்பட்ட அறுவையும் வேறு உருவில் திரும்பியது. உகாண்டாவின் எம்பாலே நகரில் பெஞ்சமின் வார்ஃப், உள்நோக்கிக் கருவியால் மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டு, கூடவே கோராய்டு பின்னலையும் சுட்டுக் கருக்கும் முறையை 2000-களில் வளர்த்தார். ஷன்ட் அடைத்துக்கொண்டால் ஓடிவர மருத்துவமனை அருகில் இல்லாத குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதல். 2017-இல் வெளியான ஒப்பீட்டில் ஓராண்டு முடிவில் ஷன்ட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பலன் கிடைப்பது சுரப்பு குறைவதாலா, பின்னலின் துடிப்பு அடங்குவதாலா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

துடிப்பு என்றதும் ஓட்டத்தை உந்துவது எது என்ற கேள்வி வரும். இங்கே சர்ச்சை குறைவு. அறைகளுக்கிடையே திரவம் ஆறுபோல் ஓடவில்லை, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முன்னும் பின்னும் ஆடுகிறது என்பது எம்.ஆர்.ஐ. படங்களில் தெளிவு. ஆழ்ந்து மூச்சிழுத்தால் ஆட்டம் பெரிதாகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மெதுவான பேரலைகளாகிறது. நிகர ஓட்டம் அந்த ஆட்டத்தில் மிகச் சிறு பங்கு.

தீராதவை

சான்றுகளை ஒருசேர நிறுத்திப் பார்த்தால், கோராய்டு பின்னல் முதன்மையான ஊற்று என்பது நிற்கும். ஒரே ஊற்று என்பது நிற்காது. எஞ்சிய பங்கு ஐந்தில் ஒன்றா, பாதியா என்று சொல்லுமளவு முறைகள் கூர்மை பெறவில்லை. வடிகாலில் மொட்டுகளும் நிணநீரும் சேர்ந்தே இயங்குகின்றன என்று கொள்வது பாதுகாப்பு. வயதுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எது எவ்வளவு சுமக்கிறது என்பது மனிதரில் அளக்கப்படவில்லை. தமனி ஓரப் பாதை உண்டு. அது கழிவகற்றும் முதன்மை வழி என்பதும், தூக்கம் அதன் மடையைத் திறக்கிறது என்பதும் இன்றைய நிலையில் வலுவான கருதுகோள்கள், அவ்வளவே.

இவற்றில் பலவும் ஒரே குறையில் வந்து முட்டுகின்றன. துளையிடாமல், மயக்காமல், எதையும் செலுத்தாமல், நலமாக இருப்பவரின் உற்பத்தி வேகத்தை அளக்க நம்பகமான வழி இல்லை. 1992-இல் நில்சன் குழு எம்.ஆர்.ஐ. கொண்டு மிகச் சில தன்னார்வலர்களிடம் அளந்தபோது, மாலையில் குறைந்து, நள்ளிரவுக்குப் பின் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்த ஓர் ஏற்ற இறக்கம் தெரிந்தது. ஆனால் அந்த முறை, முன்னும் பின்னும் ஆடும் இரு பெரிய எண்களைக் கழித்து வரும் சிறு மீதியை நம்பியது. அளவில் சிறு பிசகும் விடையைப் பன்மடங்கு மாற்றிவிடும். ஏற்ற இறக்கம் உண்மையானால், பகலில் நோயுற்ற குழந்தைகளிடம் எடுத்த 0.35, இரவு இரண்டு மணிக்கு உறங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்குப் பொருந்தாது. இன்னோர் எண் கிடைக்கும்வரை பாடநூல்கள் அதையே அச்சிடும்.